எச்எஸ்கே 4: சொல் தெரிந்தும் ஏன் கோட்டை விடுகிறார்கள்?

சீனாவில் எம்பிபிஎஸ் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், எச்எஸ்கே என்னும் சீன மொழித் திறன் தேர்வின் நான்காம் நிலை ஒரு கட்டத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். வார்டில் படுத்திருப்பவர் ஆங்கிலம் பேசப் போவதில்லையே! உடனே எல்லோரும் 1200 சொற்கள் கொண்ட பட்டியலை இறக்கி, இரவு பகலாக உருப்போடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் கண்ணுக்குத்தான் பழகுகிறது, காதுக்குப் பழகுவதில்லை.

கேட்டல் பகுதியில், மூன்றாம் நிலை வரை ஒலிப்பதிவு இரண்டு முறை ஓடும். நான்காம் நிலையில் ஒரே முறைதான். போன கேள்வியை நினைத்துக்கொண்டு இருந்தால் அடுத்ததும் போச்சு. பதிவு தொடங்குமுன் விடைத் தெரிவுகள் மீது கண்ணை ஓட்டிவிட வேண்டும். நான்கும் இடப்பெயர்கள் என்றால், கேள்வி ‘எங்கே’ என்றுதான் வரும். காதில் விழுந்த சொல்லையே விடை என்று குறிப்பது இன்னொரு பொறி. ‘ச்சா தியார்’ என்று தொடங்கித் ‘தாமதம்’ என்று வந்தால், தாமதமாகப் பார்த்தது, ஆனால் ஆகவில்லை என்று பொருள். ‘பு த பு’ என்பதில் ‘இல்லை’ என்று பொருள்படும் ‘பு’ இரண்டு முறை இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் அது மறுப்பு அல்ல, ‘வேறு வழியில்லாமல் செய்தேன்’ என்பது.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துவைத்துப் படிப்பவர்களுக்குத் தனி ஆபத்து உண்டு. ‘வயிறு நிறைய’ என்பதும் ‘ஓடு’ என்பதும் நம் எழுத்தில் ஒரே ‘பாவ்’. தொனியும் (சொல்லும் குரலின் ஏற்ற இறக்கம்) இரண்டுக்கும் மூன்றாவதே. வேறுபாடு மூச்சில் மட்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: ‘ஓடு’ சொல்லும்போது காற்று கையில் அடிக்க வேண்டும், மற்றதற்கு அடிக்கக் கூடாது. (சீன ‘ர’வுக்கு ஆங்கில வழிக்காரர்கள் படும் பாட்டை நாம் பட வேண்டியதில்லை, ‘ழ’ கிட்டத்தட்ட கொண்டுபோய் விட்டுவிடும்.)

வாசிப்பில் 40 கேள்விக்கு 40 நிமிடம். நேரத்தைத் தின்பது மூன்று வாக்கியத் துண்டுகளை வரிசைப்படுத்தும் பத்துக் கேள்விகள். ‘அவர்’, ‘அது’ என்று தொடங்கும் துண்டு பெரும்பாலும் முதலில் வராது. பெயர் இருக்கும் துண்டைப் பிடியுங்கள். ‘யின்வெய்’ (ஏனென்றால்) கண்டால் ‘ஸுவோயி’யையும் (ஆகவே), ‘ஸுய்ரான்’ (என்றாலும்) கண்டால் ‘தான்ஷி’யையும் (ஆனால்) தேடுங்கள்.

எழுத்துப் பகுதியைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது எனக்குப் புரியவே இல்லை. கேட்டலில் 45 கேள்வி, எழுத்தில் வெறும் 15. இரண்டுக்கும் தலா 100 மதிப்பெண். ஒரு எழுத்துக் கேள்வி ஏறக்குறைய மூன்று கேட்டல் கேள்விக்குச் சமம். 300க்கு 180 எடுத்தால் தேர்ச்சி, பகுதிவாரியாகத் தனி வரம்பு கிடையாது. கேட்டலில் தடுமாறுபவர் கரையேறும் இடம் இதுதான்.

அதில் பத்துக் கேள்வி, சொற்களை அடுக்கி வாக்கியமாக்குவது. இங்கே ஆங்கிலம் வழியாக யோசிப்பதுதான் வினை. ‘நேற்று’, ‘கடையில்’ போன்ற காலமும் இடமும் சீனத்திலும் வினைக்கு முன்னால்தான். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதும் அதே வரிசைதான்: நான், நேற்று, வாங்கு, ‘த’ (பெயரோடு இணைக்கும் சிறு சொல்), புத்தகம். சாதாரண வாக்கியத்தில் செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் போகும், அதை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

படத்துக்கு வாக்கியம் எழுதும் ஐந்தில், கொடுத்த சொல்லைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். சின்னதாக, பிழையில்லாமல் எழுதினால் போதும். முடிவில் புள்ளியல்ல, சிறு வட்டம்.

கையெழுத்து வராதவர்கள் கணினித் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாக வரும். ஆனால் ‘த’ என்று தட்டினால் பெயருக்கு முன் வருவது, வினைக்கு முன் வருவது, வினைக்குப் பின் வருவது என மூன்றும் வந்து நிற்கும். ‘மாய்’ தட்டினால் வாங்குவதும் விற்பதும் அருகருகே. தலையில் கூடுதலாக ஒரு சிலுவைக் குறி இருப்பதுதான் விற்பது. முதலில் வந்ததை அப்படியே தட்டிவிட்டுப் போகாதீர்கள்.