அன்று ராத்திரி வாசித்த இன்னொரு பேண்ட்

1980 ஏப்ரல் 5. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்கிற கல்லூரி ஊர். ஓகோனி தெருவில் ஆராதனை நின்றுபோய்ப் பல வருடமான ஒரு தேவாலயத்தில் பிறந்தநாள் பார்ட்டி. அங்கே இரண்டு பேண்டுகள் முதன்முதலாக ஆட்கள் முன்னால் வாசித்தன. ஒன்று, பின்னால் உலகப் புகழ் பெற்ற ராக் பேண்டான ஆர்.இ.எம். அன்றைக்கு அவர்களுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. அங்கிருந்து 2007-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற கௌரவப் பட்டியலில் இடம் பிடித்தது வரைக்கும் அவர்கள் கதை எங்கே தேடினாலும் கிடைக்கும். இன்னொன்று சைட் எஃபெக்ட்ஸ். 1981-இல் நாலைந்து பாட்டு கொண்ட சின்ன ரெக்கார்டு (இபி) ஒன்று போட்டார்கள், அப்புறம் கலைந்துவிட்டார்கள். தேவாலயத்தை 1990-இல் இடித்தாயிற்று, கோபுரம் மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டாவது பேண்டின் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மகள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து எனக்கு இந்த ஊர் பழக்கம். அட்லாண்டாவிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். அவளை இறக்கிவிட்டுவிட்டு நேரே கிளேட்டன் தெருவில் இருக்கும் வக்ஸ்ட்ரி ரெக்கார்ட்ஸ் கடைக்குப் போய்விடுவேன். அங்கே வேலை பார்த்த பீட்டர் பக்குக்கும் பாட்டு வாங்க வந்த மைக்கேல் ஸ்டைப்புக்கும் பழக்கம் ஏற்பட்டுத்தான் ஆர்.இ.எம். பிறந்தது என்பது ஊரறிந்த கதை. எனக்கு ஆர்வம் கடையில் இருக்கும் உள்ளூர்ச் சரக்கில். பேரே கேள்விப்படாத பேண்டுகள், ஜெராக்ஸ் அட்டை, பேனாவில் எழுதிய பாட்டு வரிசை.

இந்த மாதிரி ஊர்களின் இசையை ஆவணப்படுத்த இப்போது நிறைய பேர் கிளம்பியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் பேண்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பேண்ட் கலைந்த வருடத்தோடு பக்கமும் முடிந்துவிடுகிறது. ஆளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி. ஏதென்ஸ் மாதிரி ஊரில் பேண்ட் என்பதே ஒரே இருபது முப்பது பேர் மாறி மாறி உட்காரும் இடம். பில் பெரி ஆர்.இ.எம்-மில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்த நாட்களிலேயே லவ் டிராக்டர் என்கிற இன்னொரு உள்ளூர் பேண்டுக்கும் வாசித்திருக்கிறார். 1997-இல் ஆர்.இ.எம்-மை விட்டு விலகி, ஊருக்குப் பக்கத்தில் வைக்கோல் விளைவிக்கப் போனார். கால் நூற்றாண்டு கழித்து, பேட் எண்ட்ஸ் என்கிற உள்ளூர் பேண்டில் மறுபடி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார், 2023-இல் ஆல்பமும் வந்தது. இதை மூன்று பேண்டுகளின் மூன்று பக்கங்களில் பிரித்துப் போட்டால் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

பைலன் என்கிற ஏதென்ஸ் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் ஓவியக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. டிரம்மர் கர்ட்டிஸ் குரோவ் ஒரு மாடி அறையில் பார்ட்டி வைத்தபோது வெளிச்சத்துக்குத் தொங்கியது ஒரே ஒரு 40 வாட் பல்பு. இன்றைக்கு உலகமே அறிந்த, பேண்டுகள் வாசிக்கும் 40 வாட் கிளப்புக்குப் பெயர் அப்படி வந்தது. பைலன் 1983-இல் முதல்முறை கலைந்தது. நாடு முழுக்கப் புகழ் வாங்கியிருந்தும், ரெக்கார்டுகள் வருடக்கணக்கில் அச்சில் இல்லாமல் கிடந்தன. 2007-இல் ஒரு கம்பெனி முதல் ஆல்பத்தை மறுபடி போட்டது. 2009-இல் கிட்டார் வாசித்த ராண்டி பியூலி இறந்தார். 2020-இல்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பெட்டியாக வெளியிட்டார்கள். பாடகி வனெஸா பிரிஸ்கோ ஹே இதற்கு நடுவில் நர்ஸ் வேலை பார்த்தார், சூப்பர்கிளஸ்டர் என்று இன்னொரு பேண்ட் வைத்தார், இப்போது பைலன் ரீஎனாக்ட்மெண்ட் சொசைட்டி என்ற பெயரில் பாடுகிறார். நர்ஸ் வேலையை ஆவணத்தில் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதித்தான் ஆக வேண்டும். பாட்டு சோறு போடாத ஊரில் எது சோறு போட்டது என்பதும் இசை வரலாறுதான்.

இதைவிட நல்ல உதாரணம் எலிஃபண்ட் 6 என்கிற பேண்டுகளின் கூட்டம். லூசியானாவின் ரஸ்டன் என்கிற சின்ன ஊரில் பள்ளித் தோழர்கள் நான்கு பேர். அவர்களில் சிலர் தொண்ணூறுகளில் ஏதென்ஸ் வந்து சேர்ந்தார்கள். நால்வரில் இருவர் வாசித்த ஒலிவியா டிரெமர் கண்ட்ரோல் என்கிற பேண்ட் உடைந்ததும் வில் ஹார்ட் சர்க்குலேட்டரி சிஸ்டம் என்று போனார், பில் டாஸ் சன்ஷைன் ஃபிக்ஸ் என்று போனார். இருவருமே இன்று இல்லை. இதே கூட்டத்தின் நியூட்ரல் மில்க் ஹோட்டல் பேண்டின் டிரம்மர் ஜெரமி பார்ன்ஸ் கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற இசைப் பக்கம் போய்விட்டார். நால்வரில் ஒருவரான ராபர்ட் ஷ்னைடர், ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ பேண்டின் பாடகர், நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 1998 ஆல்பத்தைத் தயாரித்தவர். அவர் கணக்குப் படிக்கப் போனார். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் கென் ஓனோவிடம் 2018-இல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? எண் பிரிவினைகள், அதாவது ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் என்கிற கணக்கு. நம் கும்பகோணத்து ராமானுஜன் ஹார்டியோடு சேர்ந்து 1918-இல் கட்டுரை எழுதிய அதே துறை. ஓனோவே ராமானுஜன் ஆய்வில் பெரிய பெயர். அந்த ஆய்வேட்டை எந்த இசைத் தளத்தின் படைப்புப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். நான் ஆவணம் வைத்திருந்தால் முதல் அலமாரியில் வைப்பேன்.

பெரிய தளங்களில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் எதையாவது வெளியிட்டிருந்தால்தான் இடம். பத்துக் கச்சேரி வாசித்துவிட்டு எதையும் வெளியிடாமல் பரீட்சை முடிந்து ஊருக்குப் போன பேண்டுக்கு மிச்சம் ஒரு நோட்டீஸ் மட்டும்தான். அந்த நோட்டீஸிலும் வருடம் இருக்காது. "வெள்ளிக்கிழமை, அக்டோபர் 9" என்று இருக்கும், டிக்கெட் மூன்று டாலர் என்று இருக்கும், அவ்வளவுதான். காலண்டரைப் புரட்டினால் 1981, 1987, 1992, 1998 நான்குமே பொருந்தும். அடுத்து கிளப்பின் முகவரியைப் பார்க்க வேண்டும். 40 வாட் பலமுறை இடம் மாறியதால் முகவரியே பாதி விடை சொல்லிவிடும். அதே நோட்டீஸில் இன்னொரு பேண்ட் பெயர் இருந்தால் மீதியும் கிடைக்கும். வருடம் போடாமல் ஒட்டிய பையன்கள் மேல் கோபம் வரும், ஆனால் இந்தத் துப்பறியும் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எண்பதுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ரீல் நாடாவில் பூச்சு ஈரம் குடித்து ஒட்டிக்கொண்டால், ஐம்பது டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, உடனே பிரதி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஜார்ஜியாவின் மேக்கன் ஊரில் இருந்த ஜார்ஜியா இசைக் காட்சியகம் 2011-இல் மூடியபோது அதன் சேகரிப்பை ஏதென்ஸின் ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகம்தான் வாங்கி வைத்தது. பயமெல்லாம் 2003-க்குப் பிந்தைய பேண்டுகள் பற்றி. அவர்கள் நாடாவும் வைக்கவில்லை, நோட்டீஸும் அடிக்கவில்லை, எல்லாவற்றையும் மைஸ்பேஸ் என்கிற சமூக வலைத்தளத்தில் ஏற்றினார்கள். சர்வர் மாற்றியதில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள் போய்விட்டன என்று 2019-இல் தெரியவந்தது. வேறு ஆய்வுக்காக யாரோ முன்பே இறக்கி வைத்திருந்த 4,90,000 பாட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இணைய ஆவணக் காப்பகத்தில் தப்பியது. நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. பெட்டியில் கிடந்த கேசட்டுக்கு இருந்த ஆயுசு இதற்கு இல்லை.

இன்னொரு விஷயம். கிடைத்ததையெல்லாம் பொதுவில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பத்தொன்பது வயதில் சமையலறையில் பதிந்த பாட்டை நாற்பத்தைந்து வயதில் வெளியில் காட்டப் பிடிக்காதவர்கள் இருப்பார்கள். நியூட்ரல் மில்க் ஹோட்டலின் பாடகர் ஜெஃப் மாங்கம் புகழ் ஏறிய நேரத்தில்தான் வருடக்கணக்கில் ஒதுங்கி இருந்தார். தனக்குத் தோன்றிய நேரத்தில் அவரே திரும்பி வந்தார். உள்ளே பாதுகாத்து வையுங்கள், தேதி போட்டு வையுங்கள், வெளியிடுவதை வாசித்தவர் சொல்லட்டும். பேண்ட் உடைந்த கோபம் ஆறாத இரண்டு பேரிடம் ஒரே பேப்பரில் கையெழுத்து வாங்குவதுதான் இதில் கஷ்டமே.

இதைப் படிப்பவர்களில் சிலர் 2003-க்கும் 2010-க்கும் நடுவில் ஏதென்ஸில் படித்தவர்கள் என்று தெரியும். ரூம்மேட் பேண்டில் இருந்தானா? அவன் அனுப்பிய எம்பி3 பழைய லேப்டாப்பிலோ ஹார்ட் டிஸ்கிலோ இருக்கிறதா? தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் "டிராக் 03" என்றுதான் இருக்கும். யார் யார் வாசித்தார்கள், எந்த வருடம், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதை நினைவு இருக்கும்போதே பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் அந்த நண்பனுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள், அவனிடமே இருக்காது.