பெரியப்பாவின் உயில்

சில ஆண்டுகளுக்கு முன் ஹனோய் நகரத்தின் பா தின் சதுக்கத்தில், வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபத்தின் முன் ஒரு காலை வேளையில் வரிசையில் நின்றேன். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். கால்சட்டைப் பையில் கைவிட்டபடி நின்ற இளைஞர் ஒருவரை வெள்ளைச் சீருடை அணிந்த காவலர் தோளில் தொட்டுக் கையை வெளியே எடுக்கச் சொன்னார். உள்ளே நல்ல குளிர். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழைக்குள் மெலிந்த முகமும் வெண்தாடியும் வயிற்றருகே வைக்கப்பட்ட இரு கைகளும் தெரிந்தன. அங்கே நிற்க விடுவதில்லை. நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் சென்ற மூதாட்டி வெளியே வந்ததும் "பாக் ஹோ" என்று மெல்லச் சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பாக் என்ற வியட்நாமியச் சொல்லுக்குத் தந்தையின் அண்ணன் என்று பொருள். உலகம் அவரை 'அங்கிள் ஹோ' என்று அழைக்கிறது. தமிழில் அதற்கு நேரான சொல்லே இருக்கிறது, பெரியப்பா.

அந்த மூதாட்டியின் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உடல் அங்கே இருந்திருக்கக் கூடாது. அவரே அப்படித்தான் எழுதி வைத்தார்.

ஹோ சி மின் 1965ஆம் ஆண்டு மே மாதம், தமக்கு 75 வயது நிறைவடையும் தறுவாயில், உயில் எழுதத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் அந்தத் தாள்களை எடுத்துப் படித்துத் திருத்தி வந்தார். 1968இல் தம் கையெழுத்தில் அவர் சேர்த்த பகுதியில், தம் உடலை என்ன செய்ய வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. உடலைத் தகனம் செய்ய வேண்டும். அது உயிரோடு இருப்பவர்களின் சுகாதாரத்துக்கும் நல்லது, விளைநிலமும் வீணாகாது. சாம்பலை மூன்று மண் கலங்களில் பிரித்து வடக்கு, நடு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அந்தந்தப் பகுதி மக்கள் ஒரு குன்றைத் தேர்ந்து அதில் கலத்தைப் புதைக்க வேண்டும். கல்வெட்டோ வெண்கலச் சிலையோ கூடாது. காண வருகிறவர்கள் இளைப்பாற எளிமையான, விசாலமான, உறுதியான, குளிர்ச்சியான ஒரு வீட்டைக் கட்டினால் போதும். வருகிறவர் ஒவ்வொருவரும் நினைவாக ஒரு மரம் நட வேண்டும். நட்ட மரம் நன்றாக வளர வேண்டும். காலப்போக்கில் அது காடாகி நிலத்துக்கு அழகும் வேளாண்மைக்குப் பயனும் தரும். பராமரிப்பை ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படைக்கலாம்.

நட்ட மரம் நன்றாக வளர வேண்டும் என்ற அந்தச் சிறு குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் மண்ணில் கை வைத்துப் பழகிய ஒரு மனிதர் என் முன்னே வருகிறார். பிரெஞ்சு ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகையில் குடியேற மறுத்து, அதன் தோட்டத்தில் மரக்கால்களின் மேல் கட்டிய சிறு வீட்டில் 1958 முதல் வாழ்ந்தவர் அவர். அந்த உயிலில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது: போர் வென்றபின் கூட்டுறவு விவசாயிகளுக்கு ஓர் ஆண்டு வேளாண் வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி அவர் இறந்தார். 1945இல் இதே பா தின் சதுக்கத்தில் அவர் விடுதலைப் பிரகடனத்தைப் படித்த நாளும் அதுவே. தேசியத் திருநாளும் துக்க நாளும் ஒன்றாகிவிடக் கூடாது என்று கட்சித் தலைமை கருதியதால், அவர் செப்டம்பர் 3ஆம் தேதி இறந்ததாக அறிவித்தது. இறுதிச் சடங்கில் வாசிக்கப்பட்ட உயிலில் தகனமும் இல்லை, குன்றும் இல்லை, வரித் தள்ளுபடியும் இல்லை. சோவியத் வல்லுநர்களைக் கொண்டு உடல் பதப்படுத்தப்பட்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்ப அதை பா வி மலைப்பகுதியில் மறைத்து வைத்தார்கள். 1965ஆம் ஆண்டுக் குறிப்பில், தம் சாம்பலைப் புதைக்க 'தாம் தௌ', 'பா வி' மலைகளின் பக்கம் நல்ல குன்றுகள் இருப்பதாக அவர் எழுதியிருந்தார். எந்த மலையில் சாம்பலாக உறங்க விரும்பினாரோ, அந்த மலையிலேயே அவர் உடல் இரசாயனத்தில் காக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கருங்கல் மண்டபம் திறக்கப்பட்டது. 1989இல்தான் கட்சித் தலைமை உண்மையான இறந்த தேதியையும் உயிலின் விடுபட்ட பகுதிகளையும் வெளியிட்டது. ஓர் ஆண்டு வரியை விட்டுக்கொடுக்கும்படி ஒருவர் தங்களுக்காகக் கேட்டிருந்தார் என்பதை அந்த நாட்டு உழவர்கள் அறிய இருபது ஆண்டுகள் ஆயின.

தெற்கு மக்களும் வெளிநாட்டு நண்பர்களும் அவரைக் காண வேண்டும் என்பதற்காகவே உடலைக் காத்தோம் என்று விளக்கம் தந்தார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. போரால் பிரிக்கப்பட்ட தெற்கு மக்கள் அவர் முகத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. அன்பின் பெயரால் இறந்தவரின் சொல்லை மீறுவது எப்படி நடக்கும் என்பது எனக்கும் தெரியும். என் பெரியப்பா தம் கண்களைத் தானம் செய்வதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அவர் இறந்த இரவில் கண் வங்கியின் தொலைபேசி எண் அச்சிட்ட அட்டை என் கையில்தான் இருந்தது. "கண்ணில்லாம அவர் எப்படிடா போவாரு" என்று பெரியம்மா கதறினார். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டிய கண்கள் விடியும்போது பயனற்றுப் போயின. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஆனால் ஒரு வீட்டில் நடக்கும் மீறலும் ஓர் அரசு செய்யும் மீறலும் ஒன்றல்ல. பெரியம்மாவுக்கு அந்தக் கண்களால் எந்த ஆதாயமும் இல்லை. ஆட்சியில் அமர்கிறவர்களுக்கோ இறந்த தலைவரின் உடல் தேவைப்படுகிறது. அவர் பேசிக்கொண்டிருந்தவரை அவரோடு முரண்பட வேண்டியிருந்தது. பேழைக்குள் கிடப்பவரோ எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தருகிறார்.

இதற்கு முதல் வழியைக் காட்டியது மாஸ்கோ. 1924ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி லெனின் இறந்தார். ஒன்பது நாட்கள் கழித்து அவர் மனைவி நதேழ்தா குரூப்ஸ்காயாவின் கடிதம் பிராவ்தா நாளிதழில் வெளிவந்தது. இலியிச்சின் (லெனினின்) மீதான துயரத்தை வெளிப்பகட்டான வழிபாடாக மாற்றிவிடாதீர்கள், அவருக்கு நினைவுச் சின்னங்களும் அவர் பெயரில் மாளிகைகளும் எழுப்பாதீர்கள், அவரைப் போற்ற விரும்பினால் குழந்தைகள் காப்பகங்களும் பள்ளிகளும் நூலகங்களும் மருத்துவ நிலையங்களும் கட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் அச்சேறும் முன்பே பெத்ரோகிராட் நகரம் லெனின்கிராட் ஆகியிருந்தது. செஞ்சதுக்கத்தில் மரத்தாலான முதல் மண்டபமும் எழுந்திருந்தது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நகரம் 1991இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற தன் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. லெனின் கட்டிய அரசும் அதே ஆண்டில் மறைந்தது. உடல் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

உடலைக் காத்தவர்கள் அவருடைய சொல்லைக் காக்கவில்லை. 1922ஆம் ஆண்டின் இறுதியில் நோய்ப்படுக்கையில் லெனின் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்புகளில், ஸ்டாலினின் கையில் அளவற்ற அதிகாரம் குவிந்திருக்கிறது என்றும் அதை அவர் எச்சரிக்கையோடு பயன்படுத்துவாரா என்பது ஐயமே என்றும் கூறியிருந்தார். 1923ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி சேர்த்த பின்குறிப்பில், ஸ்டாலின் மிகவும் முரட்டுத்தனமானவர் என்றும் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து அவரை மாற்றும் வழியைத் தோழர்கள் ஆராய வேண்டும் என்றும் எழுதச் செய்தார். 1924 மே மாதக் கட்சி மாநாட்டில் அந்தக் குறிப்புகள் பிரதிநிதிக் குழுக்களுக்குத் தனித்தனியாக வாசிக்கப்பட்டன, அச்சிடப்படவில்லை. சோவியத் மக்கள் அவற்றை அச்சில் பார்த்தது 1956இல், ஸ்டாலின் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. 1953இல் ஸ்டாலினின் உடலை அதே மண்டபத்துக்குள் லெனினுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். 1961 வரை அது அங்கே இருந்தது. யாரை நீக்கச் சொன்னாரோ அவரோடு எட்டு ஆண்டுகள் அருகருகே கிடந்தார்.

இங்கே லெனினின் மீதான என் வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 1921ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கட்சிக்குள் தனிக் குழுக்கள் இயங்குவதைத் தடைசெய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. தலைமைக்கு எதிராகக் கூடிப் பேசுவதே குற்றம் என்றான ஒரு கட்சியில், இரண்டு ஆண்டுகள் கழித்துத் பொதுச் செயலாளரை மாற்றுங்கள் என்று அவர் கேட்டபோது, அதை உரக்கச் சொல்லும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? ஹோ சி மின்னுக்கும் இது பொருந்தும். 1953 முதல் 1956 வரை வடக்கு வியட்நாமில் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்; தவறு நடந்துவிட்டதை அவரும் கட்சியும் 1956இல் ஒப்புக்கொண்டார்கள், பொதுச் செயலாளர் பதவி விலகினார். மறுத்துப் பேசும் குரல்களுக்கு இடமில்லாத அமைப்பை வளர்த்தவர்கள் தாமே மறுக்க முடியாத நிலையை அடைந்தபோது அவர்களுக்காகப் பேச ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு தலைவரின் மரபை எடைபோடும்போது அவர் கட்டிய அணைகளையும் வென்ற போர்களையும் நாம் எண்ணுகிறோம். அவருடைய உயிலை அவர் இல்லாதபோது நிறைவேற்றிக் கொடுக்கக்கூடிய நீதிமன்றத்தையோ பத்திரிகையையோ அவர் விட்டுச் சென்றாரா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

மாவோவின் கதையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. இறந்தபின் உடலைத் தகனம் செய்ய வேண்டும் என்ற உறுதிமொழியில் 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மூத்த தலைவர்களோடு அவரும் கையெழுத்திட்டார். 1976 செப்டம்பர் 9ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 6ஆம் தேதி அவர் மனைவி சியாங் சிங் உள்ளிட்ட நால்வர் கைதானார்கள். ஹுவா குவோஃபெங் தலைமைப் பதவிக்கு வந்தார். அக்டோபர் 8ஆம் தேதி, மாவோவின் உடலை நினைவு மண்டபத்தில் நிரந்தரமாக வைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. இந்த மூன்று தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும், வேறு சான்று வேண்டியதில்லை. மனைவியைச் சிறைக்கு அனுப்பியவர்கள் கணவரின் உடலைக் கைப்பற்றிக்கொண்டார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளில் தியானன்மென் சதுக்கத்தில் மண்டபம் திறக்கப்பட்டது. முகப்பில் இருக்கும் பெயர் ஹுவாவின் கையெழுத்தில் அமைந்தது.

மக்களாட்சி நாடுகள் இதில் தூயவை என்று நான் சொல்ல மாட்டேன். 1954இல் நேரு எழுதிய உயிலில், தமக்கு எந்த மதச் சடங்கும் செய்யக் கூடாது, அவற்றில் நம்பிக்கையில்லாத தாம் ஒப்புக்காக அவற்றுக்கு உட்படுவதும் போலித்தனமே என்று எழுதியிருந்தார். 1964ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய உடல் வேத மந்திரங்கள் ஓதி எரியூட்டப்பட்டது. ஒரு பிடிச் சாம்பல் அலகாபாத்தில் கங்கையில், மீதியை உழவர்கள் உழைக்கும் வயல்களின் மேல் விமானத்திலிருந்து தூவ வேண்டும் என்ற பகுதியை மட்டும் அப்படியே நிறைவேற்றினார்கள். இருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு: அந்த உயிலின் வரிகள் மறைக்கப்படவில்லை. சொன்னது என்ன, செய்தது என்ன என்று குடிமக்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் குறைசொல்ல முடிந்தது. இன்றும் முடிகிறது.

சொன்னபடி நடந்தது சீனத் தலைவர் தெங் சியாவோபிங்கின் இறப்பில். 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் இறப்பதற்கு நான்கு நாட்கள் முன்பே குடும்பத்தார் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். அதன்படி விழிவெண்படலங்கள் தானமாக எடுக்கப்பட்டன. உடல் மருத்துவ ஆய்வுக்குப் பயன்பட்டது. சாம்பலை மார்ச் 2ஆம் தேதி அவர் மனைவி சுவோ லின் விமானத்திலிருந்து கடலில் தூவினார். 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் மீது படையை ஏவிய முடிவின் பொறுப்பு தெங்கைச் சேரும். கடலில் கரைந்த சாம்பல் அந்த இரத்தத்தைக் கழுவிவிடாது. ஆனாலும் 92 வயதில் தம் கண்களைக் கொடுத்துவிட்டுப் போன அந்தச் செய்தியைப் படிக்கும்போது, அன்றிரவு என் கையில் இருந்த அட்டை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பா தின் சதுக்கத்து மண்டபத்தை இடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மூதாட்டி மீண்டும் வருவார். அவரைத் தடுக்க எனக்கென்ன உரிமை? ஆனால் வரிசை வாசலை அடைய வெகுநேரம் ஆகிறது. அந்த நீண்ட நடைபாதையின் ஓரத்தில், கையால் எழுதப்பட்ட 1968ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பெரிதாக்கி, வருகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி வைக்கலாம். பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் கையில் ஒரு மரக்கன்றையும் கொடுக்கலாம். பா வி மலையில் இன்னும் இடம் இருக்கிறது.