கிளீனர் இல்லாத லாரி

எங்க அப்பா நாமக்கல்லில் 26 வருஷம் லாரி ஓட்டினவர். கிளீனர் கீழே இறங்காமல் அவர் ரிவர்ஸ் எடுத்து நான் பார்த்ததே இல்லை. இடம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி, நடு ராத்திரியாக இருந்தாலும் சரி, கிளீனர் அண்ணன் குதித்து இறங்கி, பின்னால் போய், பாடியை டப் டப் என்று தட்டி, "வா வா வா... லெஃப்ட் ஒடிச்சு வா... ஒடிச்சு... ஹோல்டான்!" என்று கத்தினால்தான் சக்கரம் உருளும். லாரிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போதே எனக்குத் தெரியும். அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு, செய்கிறவர்களுக்கும் அதை நிறுத்த இடம் போடுகிறவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும் போல. அதனால்தான் எல்லாவற்றையும் ஜோடிக்கென்றே செய்து வைத்துவிட்டு, தனியாக வருகிறவள் எப்படியோ போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். பெண் காலேஜுக்குப் போய்விட்டாள், வீட்டுக்காரருக்கு ஓட்டல் ரூமும் சுடுதண்ணியும் இல்லாத இடத்தில் தூக்கம் வராது. சரி, நான் தனியாகவே போகிறேன் என்று அக்டோபர் முதல் வாரம் 18 அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குக் கிளம்பினேன். மேப்பிள் மரமெல்லாம் குங்குமத்தைக் கொட்டின மாதிரி நிற்கும் வாரம் அது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

கிளம்புவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டுமேல் டிரெய்லரின் வாய் கச்சிதமாக உட்கார வேண்டும். ஒரு இஞ்ச் தள்ளினால் உட்காராது. காரில் பின்பக்க கேமரா இருப்பதால் அதையாவது சமாளித்துவிடலாம். பிரேக் லைட் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒருத்தர் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருத்தர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். நான் என்ன ரப்பரா, காலை உள்ளே விட்டுத் தலையைப் பின்னால் நீட்ட? கடைசியில் பனி தள்ளும் பிரஷ்ஷை சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதி வழியில் பிரஷ் நழுவிவிட்டது. மறுபடியும். இணையத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிற வீடியோ நூறு இருக்கிறது, ஆனால் நான் பார்த்த அத்தனையிலும் கணவர் ஓட்டுவார், மனைவி பின்னால் நின்று கை காட்டுவார், கடைசியில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடமும் அப்படித்தான். இந்தப் பக்கம் வால்வைத் திறக்கும்போது அந்தப் பக்கம் குழாய் துள்ளாமல் ஒருத்தர் மிதித்துக்கொள்ள வேண்டும். நான் கல்லை வைத்தேன். அதற்குமேல் கேட்காதீர்கள்.

அப்புறம் மேல் தீபகற்பத்துக்குக் கூட்டிப்போகும் மேக்கினா பாலம். 1957-இல் திறந்தது, 8 கிலோமீட்டர் நீளம். நடுவில் தண்ணீரிலிருந்து 200 அடி உயரத்தில் ஓட்ட வேண்டும், உள்பக்க லேன் வெறும் இரும்புக் கம்பி வலை, கீழே பார்த்தால் தண்ணீர் தெரியும். அன்றைக்குப் பார்த்துக் காத்து. காற்று கூடிவிட்டால் டிரெய்லர் மாதிரி உயரமான வண்டிகளைத் தனியாக விடமாட்டார்கள், சேர்த்து நிறுத்திவைத்து, முன்னால் ஒரு வண்டி வழிகாட்ட, மணிக்கு 20 மைல் வேகத்தில் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போச்சு. ஆனாலும் அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாலத்தில் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு ஆளே வந்து ஓட்டிக்கொண்டு போய் விடும் ஏற்பாடுகூட அங்கே உண்டு. முழுப் பயணத்திலும் "இவர் தனியாக வந்திருந்தால் என்ன செய்வார்?" என்று யாரோ ஒருத்தர் யோசித்திருந்த ஒரே இடம் அந்தப் பாலம்தான்.

பாலம் தாண்டி இன்னும் ஒன்றரை மணி நேரம். முகாம் போய்ச் சேரும்போது எட்டரை, கும்மிருட்டு. எனக்குக் கொடுத்திருந்த இடம் எப்படி என்றால், சாலையிலிருந்து வலது பக்கமாக ரிவர்ஸில் ஒடிக்க வேண்டும். ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் நாட்டில் இது எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கு? இடது பக்கம் ஒடித்தால் என் பக்கத்துக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை தெரியும். வலது பக்கம் ஒடித்தால் எதுவுமே தெரியாது, டிரெய்லரின் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதற்குத்தான் ஆள் வேண்டும். எதிரிலேயே நேராக உள்ளே போய் நேராக வெளியே வருகிற மாதிரி ஒரு இடம், முன்பதிவு என்று அட்டை தொங்குகிறது, ஆள் இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை. ஆறு மாசத்துக்கு முன்னாலேயே இடத்தைப் பிடித்துப் போட்டுவிட்டு வராமல் இருக்கிற மகராசன் யாரோ, அவர் வீட்டு வாசலில் என் டிரெய்லரைக் குறுக்கே நிறுத்த வேண்டும்.

இலை வேறு. பகலில் போட்டோ எடுத்த அதே சிவப்பு இலைதான் ராத்திரி எமன். கல் பாவின தரை எங்கே முடிகிறது, புல் எங்கே ஆரம்பிக்கிறது, வெட்டின மரத்தின் அடிக்கட்டை எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் மூடிக் கிடக்கிறது. ஈரமாகவும் இருக்கிறது, மிதித்தால் வழுக்குகிறது.

சரி, அப்பா பாஷையில் 'இறங்கிப் பார்த்து ஏறு' என்று, நான்கு அடி நகர்த்துவதும் இறங்கிப் பார்ப்பதுமாக நானே உள்ளே வந்துகொண்டிருந்தேன். ஏழாவது தடவை இறங்கும்போது இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்கள். கையில் பியர். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். "ஹெல்ப் வேணுமா, ஹனி?" வேண்டாம் என்று நான் சொன்னது காற்றோடு போச்சு. ஒருவர் "லெஃப்ட், லெஃப்ட்" என்கிறார். எந்த லெஃப்ட்? ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும். வண்டியைச் சொல்கிறாரா டிரெய்லரைச் சொல்கிறாரா? மற்றவர் கையை வட்டமாகச் சுற்றுகிறார், தோசை வார்க்கிற மாதிரி. அது வா என்பதா, திருப்பு என்பதா? அதற்குள் முதல் ஆள் கண்ணாடியில் காணோம். டிரெய்லருக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டு கத்துகிறார். என் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் நீ எனக்குத் தெரியமாட்டாய் ஐயா! பதினெட்டு வயசு கிளீனர் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. குட்டை டிரெய்லர் வேறு, நீளமானதைவிட இதுதான் சட்டென்று மடங்கும், ஸ்டியரிங்கை அரை சுற்றுச் சுற்றினால் முழங்கை மாதிரி திரும்பிக்கொள்ளும். ஆளை இடிக்காமல் இருக்க நான் வெட்டித் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். கரண்ட் கம்பம். வலது டெயில் லைட் போச்சு.

இரண்டு பேரும் ஒரே குரலில் "நான் சொன்னேனே" என்றார்கள். அப்புறம் ஒருவர் கேட்டார், "ஹஸ்பெண்ட் எங்கே?"

ஹஸ்பெண்ட் இருந்தால் கம்பம் நகர்ந்து கொடுத்திருக்குமா? கம்பம் இருந்த இடத்தில்தான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும்தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இதை இங்கிலீஷில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, "தேங்க்யூ" என்றுதான் வெளியே விழுந்தது. அந்த எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

அன்று ராத்திரி ஊருக்குப் பேசினேன். அம்மா வழக்கம்போல, "பொம்பளப் புள்ள தனியா காட்டுக்குள்ள என்னடி வேலை, கரடி வராதா?" என்று ஆரம்பித்தாள். அப்பா போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரிவர்சுக்கு யாரு பின்னால நின்னா?"

மறுநாள் டாக்குவமெனான் அருவிக்குப் போனேன். 200 அடி அகலத்துக்கு, ஐம்பது அடி உயரத்திலிருந்து, நல்ல ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் விழுகிறது. மேலே சதுப்புநிலத்தில் இருக்கும் தேவதாரு வகை மரங்களின் துவர்ப்புச் சத்து இறங்கித்தான் அந்த நிறமாம். அந்தக் காலத்தில் இங்கே வேலைக்கு வந்த சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்த பேஸ்டி என்ற பண்டம் ஒன்று வாங்கினேன், பெரிய சோமாசுக்குள் உருளைக்கிழங்கும் கறியும் வைத்த மாதிரி இருந்தது. எல்லாம் அழகுதான், எல்லாம் ருசிதான். ஆனால் பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் யாராவது எழுந்து வருகிறார்களா என்றுதான் கண் போனது.

அதனால் சொல்லி வைக்கிறேன். உங்கள் பக்கத்து இடத்தில் ஒருத்தி தனியாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால், அவள் பாட்டுக்கு இறங்கி இறங்கிப் பார்க்கட்டும், விட்டுவிடுங்கள். அவசரம் உங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை. கேட்டால் மட்டும் வாருங்கள். ஒருவர் மட்டும் வாருங்கள். பியரை வைத்துவிட்டு வாருங்கள். அவள் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். 'ஹோல்டான்' என்று எப்போது கத்த வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன்.