மூன்றாம் முறை எண்ணியது திருட்டு அல்ல

நேற்றைய விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2004இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆளுநர் தேர்தலில் தோற்ற கட்சி, ஜெயிக்கும்வரை எண்ணி எண்ணியே திருடிவிட்டதாம். கைதட்டியவர்களில் விவரம் தெரிந்தவர்களும் இருந்தார்கள், அதுதான் வலிக்கிறது.

அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். விழுந்தது ஏறக்குறைய 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸி 261 ஓட்டு முன்னிலை. வித்தியாசம் அவ்வளவு சொற்பமென்றால், யாரும் கேட்காமலே இயந்திரத்தில் மறுபடி எண்ணவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். எண்ணினார்கள், ராஸியின் முன்னிலை 42 ஆனது. கையால் எண்ணக் கேட்பதும் சட்டத்தில் உள்ள வழிதான். அதற்கு ஜனநாயகக் கட்சி 7,30,000 டாலர் முன்பணம் கட்டியது. கடைசியில் அந்தக் கட்சியின் கிறிஸ்டீன் கிரெகுவார் 129 ஓட்டில் ஜெயித்தார். அதற்குச் சான்றளித்த மாநிலச் செயலர் சாம் ரீட், ராஸியின் குடியரசுக் கட்சிக்காரர். இதில் திருட்டு எங்கே?

ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்பீர்கள். ஓட்டுச் சீட்டிலுள்ள வட்டத்தை நிரப்பாமல் டிக் அடித்திருப்பார்கள், பெயரைச் சுழித்திருப்பார்கள். இயந்திரத்துக்கு அது வெற்றுச் சீட்டு. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது ஓட்டு.

அந்த மாநிலத்தின் கிங் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) திடீரென்று முளைத்ததாகச் சொல்லும் 573 சீட்டுகளும் புதிதாக வந்தவை அல்ல. தபால் ஓட்டின் உறையிலிருந்த கையெழுத்தோடு ஒப்பிடக் கணினியில் மாதிரி இல்லை. பழைய காகிதப் பதிவைத் தேடியிருக்கவேண்டும், தேடாமல் நிராகரித்துவிட்டார்கள். நிராகரித்த பட்டியலில் தன் பெயரையே பார்த்தார் கவுண்டி மன்றத் தலைவர் லாரி பிலிப்ஸ். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. அவற்றையும் எண்ணலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவற்றைச் சேர்க்கும் முன்பே கிரெகுவார் 10 ஓட்டு முன்னால் இருந்தார். இதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

செல்லாத ஓட்டு 1,678 விழுந்ததே என்றால், ஆமாம், விழுந்தது. தண்டனை பெற்று வாக்குரிமை இழந்தவர்களும் போட்டிருந்தார்கள். ஆனால் அவை யாருக்குப் போயின என்று, முடிவை எதிர்த்து வழக்குப் போட்ட ராஸி தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. ராஸிக்குப் போட்டதாகச் சாட்சி சொன்ன அப்படிப்பட்ட நான்கு பேரின் ஓட்டும் ராஸி கணக்கிலிருந்தே கழிந்தது. வித்தியாசம் 133 ஆனது. 2005 ஜூனில் நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் வழக்கைத் தள்ளினார், ராஸியும் மேல்முறையீடு செய்யவில்லை.

தோற்றவரே விட்டுவிட்டார், நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள். ஒழுங்காகக் கையெழுத்திட்டு அனுப்பிய வாக்காளர் என்ன தப்பு செய்தார்? அலுவலகம் காகிதத்தைத் தேடாததற்கு அவர் ஓட்டு ஏன் குப்பைக்குப் போகவேண்டும்?