வெயிலே படாத இடத்துக்கு வந்த புல்

"நாய்க்காகப் பின்கட்டுல செயற்கைப் புல் போட்டிருக்கீங்களாமே, எப்படி இருக்கு?" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் கதை சொல்லி வாய் வலிக்கிறது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எதற்குப் போட்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கத்து மண்ணைத் தெரியாதவர்கள் இல்லை. ஐப்பசி மழையில் ராணி (எங்கள் வீட்டு நாய், கன்னி இனம், வயது இரண்டு) கிணற்றடியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு உள்ளே வந்தால், வளவு (வீட்டின் உள்முற்றம்) முழுக்கச் செம்மண் காலடி. அதுவும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல். அது சூளையில் சுட்ட கல் இல்லை, சிமெண்ட் கல். கறையை உறிஞ்சிக்கொள்ளும், ஆசிட் ஊற்றினால் நிறமே போய்விடும். அப்பத்தா காலத்திலிருந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஏறிய பளபளப்பு அது. "உங்க மகளை நீங்களே துடைங்க" என்று வீட்டில் துணியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் புலம்பினேன். "தம்பி, புல்லை விரிச்சிரு, தொல்லை விட்டுச்சு" என்றார். அவர் விரித்திருப்பது ஒன்பதாவது மாடி பால்கனியில், நிழலில். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

தை மாதம் ஆள் வந்தார். இருபதுக்குப் பத்து, இருநூறு சதுர அடி. தரையில் சிமெண்ட் போட்டு மட்டப்படுத்தி, பசை தடவிப் புல்லை ஒட்டிவிட்டு ஒரே நாளில் போய்விட்டார். பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. பத்து நாள் போட்டோ எடுத்தே கழிந்தது.

மாசியில் நாற்றம் ஆரம்பித்தது. புல்லைத் தூக்கிப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. புல்லின் அடித்துணியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. ஆனால் கீழே வாட்டம் (சரிவு) இல்லாத சிமெண்ட். ஓட்டை வழியே இறங்கிய மூத்திரம் எங்கே போகும்? அங்கேயே நின்று, நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்கி, பின்வாசலைத் திறக்க முடியவில்லை. மண்ணாக இருந்தவரை மண் குடித்துக்கொண்டது, நாமும் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. ஓட்டுச்சரிவில் விழுகிற மழையை முற்றத்தில் பிடித்துக் கிணற்றுக்கும் ஊரணிக்கும் அனுப்பிய வீடுகள் இவை. அந்த வீட்டுப் பின்கட்டில் சிமெண்டைக் கொட்டித் தண்ணீரை மறித்தவன் நான்.

சிமெண்டை உடைத்து எடுத்தோம். ஐந்து அங்குலம் தோண்டி, அடியில் முக்கால் அங்குல ஜல்லி, மேலே பொடி ஜல்லி (சிப்ஸ்), பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். கல் உடைக்கும்போது வரும் கிரஷர் தூளை அதிகம் கொட்ட விடாதீர்கள், அது இறுகிச் சிமெண்ட் மாதிரியே தண்ணீரை நிறுத்தும். புல்லுக்கு இடையில் மணலோடு ஜியோலைட் என்ற கனிமத்தைத் தூவினோம். இறால் பண்ணைக்காரர்கள் குளத்தில் போடுகிறார்களே, அதே பொருள்தான். அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்றம் முக்கால்வாசி போனது. ஆக, நாற்றத்துக்கு வைத்தியம் உண்டு. செலவுதான், ஆனால் உண்டு.

வெயிலுக்குத்தான் வைத்தியமே இல்லை.

சித்திரையில் ஒரு நாள் பதினொரு மணிக்கு ராணியை அவிழ்த்துவிட்டேன். புல்லில் கால் வைத்தவள் துள்ளிக் குதித்துக் கிணற்றடிக்கு ஓடினாள். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். உயிருள்ள புல் தன் இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. "தண்ணி தெளிச்சா சரியாயிரும்" என்று போட்டவர் சொன்னார். தெளித்தேன், கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 174 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் இருந்த செயற்கைப் புல்தரை, தண்ணீர் விட்டதும் 85க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 120, இருபது நிமிடத்தில் 164. நம் கணக்கில் இருபது நிமிடத்தில் மறுபடி 73 டிகிரி செல்சியஸ். தண்ணீருக்கு நாயாய் அலையும் மாசத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் யார் தெளிப்பது?

இந்தப் புல் பிரபலமான கதை தெரிந்தபோது சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் கூரை போட்ட பேஸ்பால் அரங்கம் ஒன்று, ஆஸ்ட்ரோடோம். வெளிச்சம் ஊடுருவும் கூரை, உள்ளே நிஜப் புல். மேலே பார்த்தால் கண் கூசிப் பந்தே தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் சொல்ல, கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் போனது, புல் செத்தது. 1966இல் அங்கே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பேரே அங்கிருந்து வந்ததுதான். வெயில் இல்லாததால் வந்த புல்லை, வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் காசு கொடுத்து விரித்திருக்கிறேன்!

இப்போது எங்கள் பின்கட்டில் இருப்பது இதுதான். பின்வாசலை ஒட்டித் தாழ்வாரத்து நிழலில் ஆறடிக்கு மட்டும் புல். ராணி அதன் மேல் நடந்துதான் உள்ளே வரவேண்டும், கால் மண் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். சொல்லப்போனால் பெரிய மிதியடி. மற்ற இடமெல்லாம் பழைய செம்மண், வேப்பமர நிழல், ஓரத்தில் தானாக ஏறிய அருகம்புல். நாங்கள் புல்லையும் ஜல்லியையும் எடுத்த இடத்தில் ராணியே ஒரு குழி பறித்து, மதியம் முழுக்க வயிற்றை ஈர மண்ணில் வைத்துப் படுத்துக்கிடக்கிறாள்.

மாடியில் முழு வெயிலில் விரிக்கப்போகிறேன் என்று கேட்ட தேவகோட்டை நண்பருக்கு: வேண்டாம். உங்களுக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு இல்லை.

வெட்டியது போக நூற்றைம்பது சதுர அடிக்குக் கொஞ்சம் குறையாக, சுருட்டித் தானிய அறையில் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். எங்கே விரிக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.