தைல வாசனைக்கு வரும் பேன்

பயிரைக் கெடுக்கும் சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும் நுண்ணிய உயிர்தான் வேட்டைப்பேன். கண்ணே இல்லாத அது இரையை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். மோந்துதான். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டி ஆட்டிக் காற்றை மோப்பம் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதற்குத் துப்புக் கொடுப்பதே செடிதான். சிவப்புச் சிலந்திப்பேன் சாறு உறிஞ்சும்போது இலை ஒரு வாசனைக் கலவையை விடுகிறது. 1980களில் நெதர்லாந்தில் சபேலிஸ், டிக்கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் லிமா பீன்ஸ் செடியில் இதைக் காட்டினார்கள். ஒய் வடிவக் கண்ணாடிக் குழாயில் ஒரு பக்கம் கடிபட்ட இலையின் காற்று, மறுபக்கம் நல்ல இலையின் காற்று. வேட்டைப்பேன்கள் பெரும்பாலும் கடிபட்ட பக்கமே போயின. கலவையில் மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு, நாம் மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலத்தில் இருக்கும் அதே சரக்கு!

எங்களுக்கு அணைக்கட்டுப் பக்கம் அரை ஏக்கர் முள்ளுக்கத்திரி. போன சித்திரை வெயிலில் இலைமேல் வெளிறிய புள்ளி, அடியில் நூலாம்படை. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தேன். பத்தே நாளில் முன்னைவிட அதிகம். செடி கூப்பிட்டு வந்த வேட்டைப்பேன்களை நானே கொன்றுவிட்டேன் போல. இப்போதெல்லாம் முதலில் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். மந்தமாக நகரும் கூட்டத்துக்கு நடுவே பளபளவென்று ஒரு வேட்டைப்பேன் விறுவிறுவென ஓடினால், அன்றைக்கு ஸ்பிரேயர் திண்ணையிலேயே கிடக்கும்.