கண்டிச்சீமைக்கு நடந்த வழி

அக்கா மகன் ஆல்ப்ஸ் மலையில் நடந்துகொண்டிருக்கிறான். மோன் பிளான் மலையைச் சுற்றி வரும் பாதை. சுமார் 170 கிலோமீட்டருக்குள் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் வந்துவிடும். "காலையில பிரான்ஸ்ல காபி, மத்தியானம் இத்தாலில சாப்பாடு மாமா. பாஸ்போர்ட்டை ஒருத்தரும் கேக்கல" என்கிறான்.

நான் அப்போது தனுஷ்கோடி தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் இருந்தேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து இடப்பக்கம் அமைதியான பெண்கடல், வலப்பக்கம் அலையடிக்கும் ஆண்கடல் என்று நடந்தே வந்தேன். வழியில் மூன்று ஆட்டோக்காரர்கள் நிறுத்தி, "வண்டி மக்கர் பண்ணிருச்சாண்ணே?" என்று விசாரித்தார்கள். முனைக்கு வந்ததும் போனில் 'இலங்கைக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி. சிக்னல் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது!

இங்கிருந்து இலங்கைக்கும் ஒரு நடைபாதை இருக்கலாமே, குறுக்கே கடல் கிடந்தால் என்ன? ஐரோப்பாவின் ஈ4 நடைபாதை 10,000 கிலோமீட்டருக்கும் மேல். கிரீஸில் கரை முடிந்ததும் அது நிற்பதில்லை. கிரீட் தீவிலும் சைப்ரஸிலும் தொடர்கிறது. இடையில் கப்பல்தான். இங்கே எதிர்க்கரையில் இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1914 முதல் 1964 புயல் வரை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனவர்கள்தானே நாம்.

ரயிலும் கப்பலுமாகப் போன அந்த போட் மெயில் பெருமையை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பு நடந்தே போனவர்களைத்தான் யாரும் பேசுவதில்லை. இலங்கையை அப்பத்தா 'கண்டிச்சீமை' என்றுதான் சொல்லும். 19ஆம் நூற்றாண்டில், மழை பொய்த்த நம் ஊர்களிலிருந்து அங்கே காபித் தோட்ட வேலைக்காக, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால் கிளம்பி, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணி ஏறினார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி மலைநாட்டு மாத்தளைக்குக் காட்டுவழி, 200 கிலோமீட்டருக்கு மேல். தாகம், காய்ச்சல், காலரா. வழியிலேயே ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். பிழைத்தவர்கள் பறிப்பு முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்பினார்கள்.

அந்த வழியை இரண்டு நாடும் சேர்ந்து நடைபாதையாக்கிக் கல் நட வேண்டும் என்பது என் ஆசை. ரிசார்ட் கட்டுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அது செத்தவர்கள் மேல் கட்டுவது. வெயிலுக்கு ஒதுங்க ஒரு சத்திரம், உப்புக் கரிக்காத தண்ணீர், போதும். சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரம் பக்கம், யாத்திரையாக நடந்து வந்தவர்களுக்கு வழிநெடுகச் சத்திரம் இருந்த சீமைதானே இது.

"மீன்பிடிக்கப் போறவனையே எல்லை தாண்டிட்டான்னு பிடிக்கிறாக. ஒன்னைய யாரு விடுவா?" என்று கேட்டார் நண்பர். நியாயம்தான். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட முடிந்ததே.

சரி, இந்தக் கரையில் நடக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தை பிறந்ததும் தொண்டியிலிருந்து கிளம்புகிறேன். தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், அப்புறம் அரிச்சல்முனை. கூட வருகிறவர்கள் சொல்லுங்கள். அக்கா மகன் பூட்ஸ் வாங்கி அனுப்புகிறானாம். மணலில் பூட்ஸ் எதற்கு?